முகத்தில் மதமதப்பு: கேட்டவர்களுக்குப் பதில்

கம்பம், கூடலூர், குமுளிப் பக்கத்துக்காரர்கள் கேட்டதற்கெல்லாம் ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன். நரம்பியல் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், டாக்டர் இல்லை. எங்கே, எவ்வளவு சீக்கிரம் போக வேண்டும் என்பதைச் சொல்ல முடியும். கேட்டவர் சொன்னதை முதலில் போட்டு, அதன் கீழே என் பதிலை எழுதியிருக்கிறேன்.

வண்டன்மேடு ஏலத்தோட்டத்துக்கு விடியற்காலை ஜீப்பில் போகிறேன், பனிக்காற்று முகத்தில் அடிக்கும். நேற்று எழுந்ததிலிருந்து வலது கன்னம் மரத்த மாதிரி இருக்கிறது, காபி குடித்தால் ஓரத்தில் வழிகிறது. காற்றுப் பட்டதுதானே அக்கா?

காற்றை விடு தம்பி. கன்னத்தை விரலால் தொட்டுப் பார், இடது பக்கம் போலவே தெரிகிறதா? தெரிந்தால் உனக்குப் போயிருப்பது உணர்ச்சி இல்லை, அசைவு. தொடு உணர்ச்சிக்கு ஒரு நரம்பு, முகத்தை அசைக்க வேறொரு நரம்பு. நம் ஆட்கள் இரண்டையும் "மரத்துப் போச்சு" என்றே சொல்லிவிடுவார்கள். இப்போது கண்ணாடி முன்னால் நின்று புருவத்தைத் தூக்கு, கண்ணை இறுக்கி மூடு. வலது நெற்றியில் சுருக்கமே விழவில்லை, கண்ணும் முழுசாக மூடவில்லை என்றால் பெரும்பாலும் முகவாதம், டாக்டர்கள் பெல்ஸ் பால்சி என்பார்கள். நெற்றி நன்றாகச் சுருங்கி வாய் மட்டும் கோணினால் அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108. எதுவானாலும் நீயாக முடிவு கட்டிக்கொண்டு வீட்டில் இருக்காதே, இன்றைக்கே போ. முகவாதத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன், நேற்றே ஒரு நாள் போய்விட்டது. சர்க்கரை இருந்தால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல். காதுக்குள் கொப்புளமோ வலியோ இருந்தால் அதையும் சொல், அதற்குக் கூடுதலாக வேறு மருந்தும் தேவைப்படலாம். மூடாத கண் காய்ந்து புண்ணாகும், அதனால் சொட்டு மருந்து கேட்டு வாங்கு, ராத்திரி இமையை மூடி எப்படி டேப் ஒட்டுவது என்றும் கேட்டுக்கொள். பத்துப் போடுவது, பச்சிலை கட்டுவது எல்லாம் வேண்டாம். பெரும்பாலோருக்குச் சில மாதத்தில் சரியாகிவிடும்.

அப்பாவுக்கு பிபி, சர்க்கரை உண்டு. இன்று காலை இடது முகமும் கையும் மரத்து, பேச்சு குழறி, பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. ஆஸ்பத்திரி வேண்டாம் என்கிறார்.

சரியானதுதான் ஆபத்தே. மூளைக்குப் போகும் ரத்தம் கொஞ்ச நேரம் அடைபட்டுத் திறந்திருக்கிறது. பெரிய பக்கவாதம் அடுத்த ஓரிரு நாளிலேயே வரலாம். சண்டை போட்டாவது இன்றே கூட்டிக்கொண்டு போங்கள். மறுபடி வந்தால் 108-ஐக் கூப்பிட்டு, கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்து வையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன்னால் சிடி ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். குமுளி மலைப்பாதை இறங்கி தேனிப் பக்கம் க.விலக்கு மெடிக்கல் காலேஜ் வரை வரும் நேரமும் அதற்குள்தான் சேரும், ஆகவே தோட்டத்தில் இருப்பவர்கள் "கொஞ்சம் பார்ப்போம்" என்று உட்காரவே கூடாது. வாயில் தண்ணீர், மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள், புரையேறும். ஆஸ்பிரினும் வேண்டாம்: ரத்தக்கசிவா அடைப்பா என்பது ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும்.

கீழ்க் கடவாயில் ஞானப்பல் பிடுங்கி மூன்று வாரம். உதடும் தாடையும் மரத்தே இருக்கிறது.

தாடை எலும்புக்குள் ஓடும் நரம்பு அடிபட்டிருக்கும். பல பேருக்கு வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பும், ஆனாலும் பல் பிடுங்கிய டாக்டரிடம் போய்க் காட்டிக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். சூடான டீயில் உதடு வெந்தாலும் தெரியாது, கவனம். பல்லில் கையே வைக்காமல், அடியும் படாமல் தாடை மரத்தால் அது வேறு விஷயம், சில நேரம் புற்றுநோயின் அறிகுறி. தள்ளிப் போடக் கூடாது.

கன்னத்தில் தேமல் மாதிரி வெளிறிய திட்டு. கிள்ளினாலும் தெரியவில்லை.

தேமலில் உணர்ச்சி போகாது. இது தொழுநோயா என்று பார்க்க வேண்டும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். கூட்டு மருந்து இலவசம், 6 முதல் 12 மாதம் சாப்பிட்டால் குணமாகும். யாரும் ஒதுக்கி வைக்கிற நோயும் இல்லை. விட்டுவிட்டால்தான் நரம்பு கெட்டுப்போகும்.

படபடப்பு வந்தால் வாயைச் சுற்றியும் விரல் நுனியிலும் குறுகுறுக்கிறது.

பயத்தில் வேகவேகமாக மூச்சு விடுவதால் வருவதுதான் அதிகம், மெதுவாக விட்டுப் பாருங்கள். தைராய்டு ஆபரேஷன் செய்திருந்தால் மட்டும் கால்சியத்தை உடனே பார்க்க வேண்டும்.

ஆறு மாதமாக இடது கன்னம் மதமதப்பு, அந்தக் காதில் இரைச்சல். மெடிக்கல் ஷாப்பில் நரம்பு சத்து ஊசி போடுகிறேன்.

ஊசியை நிறுத்துங்கள் அண்ணே. அதில் இருப்பது பெரும்பாலும் பி12 வைட்டமின். அது குறைந்தால் மரத்துப்போவது பெரும்பாலும் காலில் தொடங்கும், ஒரு பக்க முகத்தில் மட்டும் வருவது அரிது. நரம்பு என்ற வார்த்தை காதில் விழுந்தாலே அந்த ஊசியை எடுத்துவிடுகிறார்கள். உங்களுக்குக் காது, முகம் இரண்டின் நரம்பையும் அழுத்துகிற கட்டி ஏதும் உண்டா என்று எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த மாதிரிக் கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோய் இல்லை, மெதுவாகத்தான் வளரும், ஆனால் சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் கேட்கும் திறனைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். போன் பேசும்போது இடது காதில் குறைவாகக் கேட்கிறதா, ஒரு பக்க மூக்கில் மட்டும் அடைப்போ ரத்தமோ வருகிறதா, இரண்டையும் எழுதிக்கொண்டு இந்த வாரமே டாக்டரிடம் போங்கள்.