மகளின் பாட்டு – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. திருச்சியில் மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். என் ஒரே மகள் பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கிறாள். சின்ன வயதில் கர்நாடக சங்கீதம் கற்றுக்கொண்டாள், கல்லூரியில் கிட்டார். இப்போது தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் பாடுகிறாள்.

போன வருடம் எங்களை உட்காரவைத்து, தான் விரும்புவது ஒரு பெண்ணை என்று சொன்னாள். என் மனைவி பல நாள் அழுதாள். மைத்துனர் ‘நல்ல டாக்டராகப் பார்த்துச் சரிபண்ணிவிடலாம்’ என்கிறார். நான் ஏற்றுக்கொண்டுவிட்டதாகத்தான் நினைக்கிறேன்.

இப்போது ஒரு பாட்டுக்கு வீடியோ எடுத்திருக்கிறாள். அதில் இரண்டு பெண்கள் காதலர்களாக வருகிறார்கள், ஒருத்தி அவளே. ‘பாட்டு அருமை, அந்தக் காட்சிகளை மட்டும் எடுத்துவிடு, பாட்டு பாட்டாக இருக்கட்டும்’ என்றேன். அதிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. வேலையையும் விடப் போகிறாளாம். ஒரு கம்பெனி மூன்று பாட்டுகளுக்கு ஒரு லட்சம் தருவதாக ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது, அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். சொந்த வாழ்க்கையைப் பாட்டில் கொண்டுவந்துதான் ஆக வேண்டுமா? இப்படிப் பாடி இந்த நாட்டில் பிழைக்க முடியுமா?

என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஓர் அப்பா, திருச்சி

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் மைத்துனர் விஷயத்தை முடித்துவிடுகிறேன். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஓர் உத்தரவு போட்டார். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்துவிட்ட இரண்டு பெண்களின் வழக்கு அது. பெற்றோர் போலீஸில் புகார் கொடுக்க, பெண்கள் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனார்கள். தனக்கே இந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் நேரம் கேட்டு உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகுதான் அந்த நீதிபதி எழுதினார். ஒருவரின் பாலீர்ப்பை மருத்துவத்தால் ‘மாற்றும்’ முயற்சிகளுக்கு அந்த உத்தரவு தடை விதித்தது. அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம், அப்படிச் சிகிச்சை செய்வது டாக்டருக்குத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. ஆகவே மைத்துனர் தேடும் அந்த ‘நல்ல டாக்டர்’ சட்டப்படி நல்ல டாக்டர் இல்லை. இதை அவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

இனி உங்கள் உண்மையான கேள்வி. பாட்டு பாட்டாக இருக்கட்டும் என்கிறீர்கள். நம் ஊரில் நூறு பேரில் தொண்ணூறு பேர் இதைத்தான் சொல்வார்கள். அதற்குக் காரணம் உண்டு. நாம் கேட்டு வளர்ந்த பாட்டில் ‘நான்’ என்று வருவது பெரும்பாலும் பாடுகிறவர் இல்லை. உங்கள் மகள் கற்றுக்கொண்ட கர்நாடக சங்கீதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தெலுங்குக் கவிஞர் க்ஷேத்ரய்யாவின் பதம் என்ற காதல் பாட்டில் நாயகி தோழியிடம் புலம்புகிறாள். நெற்றி நிறைய விபூதியும் வெள்ளை வேட்டியுமாக ஒரு வித்வான் மேடையில் உட்கார்ந்து அதை உருகி உருகிப் பாடுவார். சபாவில் யாரும் நெளிவதில்லை, ஏனென்றால் அந்தக் காதல் அவருடையது இல்லை, முவ்வ கோபாலன் என்ற கிருஷ்ணனுக்கு ஏங்கும் நாயகியுடையது.

சினிமா இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனது. 1949இல் ‘மஹல்’ இந்திப் படத்தின் இசைத்தட்டு வந்தபோது, பாடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘காமினி’ என்று அச்சடித்திருந்தார்கள். காமினி என்பது படத்தில் மதுபாலா ஏற்ற பாத்திரம். பாடியது லதா மங்கேஷ்கர். பாடகிக்குத் தட்டில் பெயரே இல்லை. அப்புறம் பெயர் போட ஆரம்பித்தார்கள், சரி. ஆனால் ஏற்பாடு மாறவில்லை. காதல் கதாநாயகனுடையது, சோகம் கதாநாயகியுடையது, தொண்டை மட்டும் பின்னணிப் பாடகருடையது. இந்த ஏற்பாட்டில் ஒரு பாடகர் தன் வாழ்க்கையை முழுக்க மறைத்துக்கொண்டு நாற்பது வருடம் காதல் பாட்டாகப் பாடிவிட்டுப் போகலாம். ஒருவருக்கும் தெரியாது. அப்படிப் போனவர்கள் இருக்கத்தான் வேண்டும்.

உங்கள் மகள் தேர்ந்தெடுத்த வடிவத்தில் அந்த மறைவிடம் இல்லை. தானே எழுதித் தானே பாடுகிறவருக்கு முன்னால் நிறுத்திக்கொள்ள ஒரு காமினி கிடையாது. பாட்டில் வரும் ‘நான்’ அவள்தான் என்று கேட்கிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள், அதற்காகத்தான் கேட்கவே வருகிறார்கள். அவளிடம் போய் ‘உன் வாழ்க்கையை மட்டும் எடுத்துவிட்டுப் பாடு’ என்றால், மெட்டு மட்டும்தான் மிஞ்சும். அவள் பேச்சை நிறுத்தியதற்கு அதுதான் காரணமாக இருக்கும். அவளிடம் கேளுங்கள், நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம், நான் அவளைப் பார்த்ததில்லை.

இந்தப் பாதையில் ஏற்கெனவே நடந்தவர்களைப் பற்றியும் சொல்கிறேன். ஒரே மாதிரி நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

2016இல் ‘6 பேக் பேண்ட்’ என்று ஆறு பேர் கொண்ட திருநங்கையர் குழு மும்பையிலிருந்து வந்தது. நடத்தியது யஷ்ராஜ் நிறுவனத்தின் இளைஞர் பிரிவான ஒய்-ஃபிலிம்ஸ், பின்னால் நின்றது ப்ரூக் பாண்ட் ரெட் லேபிள் டீ. முதல் பாட்டு, அமெரிக்கப் பாடகர் ஃபாரெல் வில்லியம்ஸின் உலகப் புகழ்பெற்ற ஒரு பாட்டின் இந்தி வடிவம். அதே வருடம் கான் விளம்பர விழாவில் பெரிய விருதும் வாங்கியது. தெருவில் கைதட்டிக் காசு கேட்பவர்களாக மட்டுமே திருநங்கைகளைப் பார்த்த கோடிக்கணக்கான பேர் அவர்களைப் பாடகர்களாகப் பார்த்தார்கள் என்பது சின்ன விஷயமில்லை. ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. விருது விளம்பரத்துக்குக் கொடுக்கப்பட்டது. என்ன பாட வேண்டும், அதைப் பாடி எந்தப் பொருளை விற்க வேண்டும் என்பதெல்லாம் வேறு யாரோ எடுத்த முடிவு.

2018இல் சுஷாந்த் திவ்கீகர், ராணி கோஹினூர் என்ற ட்ராக் அவதாரத்தில், அதாவது மேடைக்கான பெண் வேடத்தில், ‘ச ரி க ம ப’ இந்தி நிகழ்ச்சிக்குப் போனார். ஒரே பாட்டில் ஆண் குரலும் பெண் குரலும் மாறி மாறி வரும். நடுவர்கள் திகைத்தார்கள், வீட்டு ஹாலில் பாட்டிகள் ரசித்தார்கள். அங்கேயும் பாட்டுகள் பழைய சினிமாப் பாட்டுகள்தான். தோற்றம் அவருடையது, பாட்டு வேறு ஒருவருடையது.

உங்கள் மகள் வரிசையில் வருகிறவர்கள் வேறு. பிரக்யா பல்லவி என்ற பாடகி 2019இல் ‘குயீரிசம்’ என்று ஓர் ஆல்பம் வெளியிட்டார். தான் பெண்களை விரும்பும் பெண் என்பதை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர். இந்தியாவின் முதல் குயர் ஆல்பம் என்று பத்திரிகைகள் எழுதின. ஒரே பாலினத்தவரை விரும்புகிறவர்கள், திருநங்கைகள் எல்லோரையும் சேர்த்துச் சொல்லும் சொல் குயர். முதலா இரண்டாவதா என்ற ஆராய்ச்சியில் எனக்கு ஆர்வமில்லை. அது வந்த நேரம்தான் முக்கியம். ஒரே பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் சட்டப் பிரிவிலிருந்து வயதுவந்தவர்களின் மனமொத்த உறவுகளை உச்ச நீதிமன்றம் விலக்கியது 2018 செப்டம்பர் 6ஆம் தேதி. அதற்கு முன்னால் 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் கொடுத்த விடுதலையை 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே பறித்திருந்தது. அந்த இடைப்பட்ட ஐந்து வருடங்களில் இப்படி ஒரு காதல் பாட்டை சொந்தப் பெயரில் வெளியிடுவது, சட்டம் குற்றம் என்று சொல்லும் ஒன்றைப் பற்றிய ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி. தீர்ப்பு வந்து ஒரு வருடம் ஆவதற்குள் ஒருவர் ஓர் ஆல்பத்தோடு தயாராக நின்றார் என்றால், அந்தப் பாட்டுகள் அதற்கு முன்பே மனதில் இருந்திருக்கும்.

கிரேப்கிட்டார்பாக்ஸ் என்ற மேடைப்பெயரில் பாடும் தீனாசாய் பலமுவையும் கேளுங்கள். பெரும்பாலும் ஒரு கிட்டார், ஒரு குரல், ஆங்கில வரிகள். தன்னைக் குயர் பாடலாசிரியர் என்று சொல்லிக்கொண்டே மேடை ஏறுகிறவர். மூத்த தலைமுறைக்கு அந்த இசை பிடிக்குமா தெரியாது, எனக்குச் சில பாட்டுகள் பிடித்தன, சில கடந்து போயின. அப்படித்தானே இருக்க வேண்டும். குயர் என்பதற்காக எல்லாப் பாட்டும் நல்ல பாட்டாகிவிடாது. உங்கள் மகளுக்கும் இது பொருந்தும். வீடியோவில் இரண்டு பெண்கள் இருப்பதால் அந்தப் பாட்டு சிறந்ததாகவோ மோசமானதாகவோ ஆகிவிடப் போவதில்லை.

சரி, வீடியோ வெளிவந்தால் என்ன ஆகும் என்ற பயம். அது நியாயமானது, வெறும் கௌரவப் பயம் என்று தள்ளிவிட மாட்டேன். கெட்ட வார்த்தை வரும், நிச்சயம் வரும். யூட்யூபில் குறிப்பிட்ட சொற்கள் வரும் கருத்துகளைத் தானாக நிறுத்திவைக்க வழி இருக்கிறது, முதல் வாரம் கருத்துப் பகுதியை மூடியே வைத்தாலும் தவறில்லை. அவள் குடியிருக்கும் தெரு, வீட்டு வாசல், வேலை செய்யும் இடம் எதுவும் காட்சியில் தெரிய வேண்டாம். அந்த இன்னொரு பெண்ணின் வீட்டுக்கு விஷயம் தெரியுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ‘காட்சியை எடு’ என்று சொல்வதைவிட இந்தக் கேள்விகள் அவளுக்கு உதவும். கேட்பவர் தன் பக்கம் நிற்கிறார் என்றும் தெரியும்.

உங்கள் மனைவிக்கும் ஒன்று. இந்தியாவில் இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து ‘ஸ்வீகார்’ என்று ஒரு குழு வைத்திருக்கிறார்கள். 2023இல் ஒரே பாலினத்தவர் திருமண வழக்கு நடந்தபோது நானூறுக்கும் மேற்பட்ட பெற்றோர் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார்கள். வழக்கு ஜெயிக்கவில்லை, அக்டோபர் 17 தீர்ப்பில் திருமண உரிமை கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கடிதத்துக்குப் பின்னால் இருந்தவர்களில் பலர் உங்கள் மனைவியைப் போல அழுதுவிட்டு வந்தவர்கள்தான். சென்னையில் ‘ஓரினம்’ குழு பல வருடங்களாகத் தமிழிலேயே பெற்றோருக்கான எழுத்துகளை வைத்திருக்கிறது. அவர் வாசிக்கட்டும்.

பிழைப்பு. இதில் நான் உங்கள் கட்சி. வேலையை இப்போது விட வேண்டாம். இணையத்தில் பாட்டுக் கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது 2019இல். 2024 முதல் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவையாவது கேட்கப்படாவிட்டால் அதன் ஒலிப்பதிவுக்குக் காசே கிடையாது என்று விதி கொண்டுவந்துவிட்டார்கள். ஆயிரத்தைத் தாண்டினாலும் நம் நாட்டில் பெரும்பாலானோர் காசு கொடுக்காமல் விளம்பரத்தோடு கேட்கிறவர்கள், ஒரு தடவைக்கு வருவது பைசாக் கணக்கு. சினிமாவுக்கு வெளியே பாடுகிறவர்கள் விளம்பரத்துக்குப் பாடுகிறார்கள், பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார்கள், வெப் தொடர்களுக்குப் பாட்டை உரிமம் கொடுக்கிறார்கள், கல்யாணத்தில்கூடப் பாடுகிறார்கள். குயர் கலைஞர்களுக்குக் கூடுதலாக ஒன்று உண்டு: குயர் மக்களின் பெருமித மாதமான ஜூன். பெரிய கம்பெனிகள் வானவில் கொடி கட்டி, அலுவலக வளாகத்தில் நிகழ்ச்சி வைத்துக் கூப்பிடும். ஜூலையில் போன் அடிக்காது. ஜூன் காசை வாங்கிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அவளிடம் சொல்லுங்கள். ‘வெளிச்சம் கிடைக்கும்’ என்று சொல்லி இலவசமாகப் பாடக் கூப்பிட்டால் மட்டும் போக வேண்டாம்.

கடைசியாக, உங்களுக்கு ஆறுதல் தரும் அந்த ஒப்பந்தம். வீடியோவைப் பார்த்து நீங்கள் படும் பயத்தில் பாதியை இதற்கு எடுத்து வையுங்கள். மூன்று பாட்டுக்கு ஒரு லட்சம் என்பது என்றென்றைக்கும் எல்லா உரிமைக்குமான விலையா, அல்லது சில வருடத்துக்கான முன்பணமா? 2012 வரை நம் பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள்தான், பாட்டு காலத்துக்கும் தயாரிப்பாளருக்குச் சம்பாதித்துக் கொடுத்தது. இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் இதை மாற்றுவதற்காக வாதாடினார். அந்த ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது வரியை எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் தங்களுக்கான ராயல்டிப் பங்கைக் கம்பெனிக்கு எழுதிக்கொடுக்கவே முடியாது. சட்ட வாரிசுக்கோ ராயல்டி வசூலிக்கும் சங்கத்துக்கோ மட்டும்தான் கொடுக்கலாம். உங்கள் மகள் இரண்டும் செய்கிறவள், ஆகவே இரண்டு பங்கும் அவளுடையது. இந்தியாவில் அதை வசூலிப்பது ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம். அதில் அவள் உறுப்பினரா என்று கேளுங்கள். இல்லையென்றால் கையெழுத்துக்கு முன்னால் சேரட்டும்.

ஒப்பந்தத்தில் எத்தனை வருடம் என்று எழுதாமல் விட்டிருந்தால் சட்டப்படி அது ஐந்து வருடம், எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். ‘நிரந்தரமாக’, ‘உலகம் முழுவதும்’ என்று தெளிவாக எழுதியிருந்தால்தான் ஆபத்து, பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். இன்னொரு வரியையும் தேடுங்கள்: வீடியோவில் எதை வைப்பது, எதை வெட்டுவது என்பதைக் கம்பெனியே முடிவுசெய்யலாம் என்று எங்காவது இருக்கிறதா? இருந்தால், நீங்கள் அவளிடம் கேட்டதை நாளைக்கு அவர்கள் கேட்காமலே செய்துவிடுவார்கள். அரசு அலுவலகத்தில் இத்தனை வருடம் கோப்பு பார்த்தவர் நீங்கள், சின்ன எழுத்தில் என்ன இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெங்களூருக்குப் போய் அவளோடு உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். புரியாத இடங்களைக் குறித்துக்கொண்டு பதிப்புரிமை தெரிந்த வக்கீல் ஒருவரிடம் இரண்டு பேருமாகப் போங்கள். கட்டணம் ஆகும்தான், அந்த ஒரு லட்சத்திலிருந்து கொடுத்துக்கொள்ளலாம்.