தம்பிக்கு முதல் பட்டதாரி சலுகை கிடைக்காது, ஆனால் அதைவிடப் பெரியது கிடைக்கலாம்

கேள்வி: நான் முதல் பட்டதாரி சலுகையில் இன்ஜினியரிங் முடித்து வேலையில் இருக்கிறேன். தம்பி இந்த வருடம் ப்ளஸ் டூ. ஆறாம் வகுப்பிலிருந்து கவர்ன்மென்ட் ஸ்கூல்தான். அவனுக்கும் அந்தச் சலுகை உண்டா? தெரிந்தவர் ஒருவர் இப்போதே 25,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டினால் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டைப் பிடித்து வைக்கலாம் என்கிறார். அப்பா கட்டிவிடலாம் என்கிறார்.

பதில்: முதலில் அப்பாவைத் தடுத்து நிறுத்துங்கள், மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

முதல் பட்டதாரி சலுகை தம்பிக்குக் கிடையாது. வீட்டில் ஏற்கெனவே ஒரு பட்டதாரி இருக்கிறார், அது நீங்கள்தான். ‘அக்கா படித்ததைச் சொல்லாமல் விட்டுவிடுங்கள், சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த விண்ணப்பத்தோடு குடும்பத்தார் உறுதிமொழியும் கொடுக்க வேண்டும், பொய் என்று தெரிந்தால் மாட்டிக்கொள்வது கையெழுத்துப் போட்டவர்கள், சொல்லிக் கொடுத்தவர் இல்லை.

ஆனால் தம்பிக்கு அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கலாம். மருத்துவத்துக்கு 2020-இல் வந்தது, இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளுக்கு 2021-இல். இந்த ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வழியாக இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. உங்களுக்குக் கிடைத்த சலுகையெல்லாம் இதற்குப் பக்கத்தில் வராது.

‘இருக்கலாம்’ என்று இழுப்பதற்குக் காரணம் உண்டு. நீங்கள் ‘கவர்ன்மென்ட் ஸ்கூல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், அரசு உதவி பெறும் பள்ளியையும் சேர்த்து. ஆசிரியர் சம்பளம் அரசுடையது, பாடப்புத்தகம் அரசுடையது, ஆனாலும் உதவி பெறும் பள்ளி இந்த ஒதுக்கீட்டுக்குக் கணக்கில் வராது. மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி ஒன்றியம், ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் வரும். ஆறு முதல் பன்னிரண்டு வரை ஏழு வருடமும் அப்படிப்பட்ட பள்ளியில் இருந்திருக்க வேண்டும், நடுவில் ஒரே ஒரு வருடம் உதவி பெறும் பள்ளியில் படித்திருந்தாலும் போயிற்று. அதே பையன் தமிழ் வழியில் படித்திருந்தால் கல்லூரிக்குப் போகும் மாணவர்களுக்கு அரசு தரும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கு மட்டும் உதவி பெறும் பள்ளியும் செல்லும்! ஒரு அலுவலகத்துக்கு அவன் வேண்டியவன், பக்கத்து அலுவலகத்துக்கு அந்நியன். இதை யார் எப்போது சரிசெய்வார்களோ. அதனால் பழைய டிசியை எடுத்து, பள்ளியின் பெயருக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் தலைமை ஆசிரியரிடமே கேட்டுவிடுங்கள்.

சரி, அட்வான்ஸ் விஷயம். அரசு ஒதுக்கீட்டு இடங்கள் ரிசல்ட் வந்த பிறகு கலந்தாய்வில்தான் போகும், அதை இப்போதே பிடித்து வைக்க யாராலும் முடியாது. அவர் விற்பது நிர்வாக ஒதுக்கீட்டு இடம், அதாவது கல்லூரியே நிரப்பிக்கொள்ளும் இடம். அதில் சேர்ந்தால் 7.5-ம் இல்லை, கட்டணச் சலுகையும் இல்லை, அவருக்குக் கமிஷன் மட்டும் உண்டு. என்னிடம் வந்த ஒரு பையன் இப்படிச் சேர்ந்து, மார்க் ஷீட்டையும் டிசியையும் கொடுத்துவிட்டான். அதன் பிறகு கலந்தாய்வில் நல்ல கல்லூரி கிடைத்தது. ஒரிஜினலைத் திருப்பி வாங்க நடையாய் நடந்து, சேர வேண்டிய கடைசித் தேதியே போய்விட்டது. ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. விதி காகிதத்தில் இருக்கிறது, சான்றிதழ் அவர்கள் பீரோவில் இருக்கிறது.

இன்னொரு கூட்டம் ‘சாய்ஸ் ஃபில்லிங் இலவசம்’ என்று வரும், கலந்தாய்வில் உங்களுக்கு வேண்டிய கல்லூரிகளை வரிசைப்படுத்தி ஆன்லைனில் பதிவதுதான் அது. பாஸ்வேர்டையும் ஓடிபியையும் கொடுத்தீர்களானால் அவர்களுக்குக் காசு தரும் கல்லூரிதான் முதல் சாய்ஸாக ஏறும். உதவி வேண்டுமென்றால் இன்ஜினியரிங் கலந்தாய்வுக்கான அரசின் சேவை மையத்துக்குப் போங்கள். சாய்ஸைத் தம்பி தன் ஆசைப்படி வரிசையாகப் போடட்டும், கிடைக்காது என்று பயந்து நல்ல கல்லூரியைக் கீழே தள்ள வேண்டாம், மேலே போடுவதால் கீழே இருப்பது பறிபோகாது. கல்லூரிப் பெயரைப் பார்க்காமல் கோட் எண்ணைப் பாருங்கள், ஒரே மாதிரிப் பெயரில் நாலு கல்லூரி இருக்கும்.

கலந்தாய்வில் யார் முன்னால் என்று முடிவு செய்யும் கட்-ஆஃப் மார்க் 200-க்கு. கணிதம் அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதி. கணிதம் 90, இயற்பியல் 80, வேதியியல் 84 என்றால் 90, 40, 42, ஆக 172. கணிதத்தில் ஒரு மார்க் விட்டால் முழு மார்க் போகிறது, மற்ற இரண்டில் அரை மார்க்தான். இந்த வருடம் நேரத்தை எங்கே போடுவது என்று தம்பிக்கு இதைக் காட்டியே சொல்லுங்கள், ‘என்னை மாதிரிப் படி’ என்பதைவிட இதைக் கேட்பான்.

சாதிச் சான்றிதழ் இப்போதே கையில் இருக்கட்டும், மே மாதம் இ-சேவை மையத்தில் சர்வர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார், சாதிச் சான்றிதழ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இனிஷியலையும் பெயர் எழுத்தையும் ஒப்பிடுங்கள். தவறு இருந்தால் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும் முன்பே பள்ளியில் சொல்லித் திருத்திவிடுங்கள். டிசியில் பள்ளி எந்த வகை என்று பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள், அதற்குள் அந்தத் தெரிந்தவர் போன் செய்தால் ரிசல்ட் வந்ததும் பேசலாம் என்று அப்பாவையே சொல்லச் சொல்லுங்கள்.