வட்டம் தாண்டினால் வட்டம்

கேள்வி: “பணத்தை பேங்க்ல சும்மா போட்டு வைக்காதீங்க மாமா, டாலர் டோக்கன் வாங்குங்க, எப்பவும் ஒண்ணுக்கு ஒரு டாலர்” என்கிறான் என் மைத்துனன். ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் ரூபாயும் இதுவும் ஒன்றுதானா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: இல்லை. கீழமாசி வீதிப் பக்கம் ஒரு வங்கியில் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். மாட்டுத்தாவணி பூ வியாபாரிகள் கொண்டுவரும் கட்டுகள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, மல்லிகை மணத்தோடு வரும். ஒவ்வொன்றாக உரித்து ஃபேனுக்கடியில் பரப்பி எண்ணுவேன். நைந்த நோட்டானாலும் நூறு நூறுதான். அதையே தெருவில் மாற்றினால் பத்தோ பதினைந்தோ பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பிடித்தத்துக்குப் பழைய பேர் ‘வட்டம்’.

ஒரு காலத்தில் நல்ல நோட்டுக்கே வட்டம் பிடித்தார்கள். 1861 சட்டம் வரும்வரை வங்காளம், பம்பாய், சென்னை என மூன்று மாகாண வங்கிகளும் தனித்தனியே நோட்டு அடித்தன. அப்புறம் அரசே அடித்தது. ஆனால் நாட்டை வட்டம் வட்டமாகப் பிரித்துவிட்டது. (இந்த வட்டம் வேறு: ஒரு நோட்டு செல்லுபடியாகும் எல்லை.) கல்கத்தா வட்டத்து நோட்டை மதுரைக் கடைக்காரர் வாங்கியே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. வாங்கினால் கழித்துக்கொண்டுதான் வாங்குவார். தபாலில் நோட்டை அனுப்புகிறவர்கள் இரண்டாக வெட்டி, முதல் பாதி போய்ச் சேர்ந்த சேதி வந்தபிறகே மறுபாதியை அனுப்பினார்கள். (இன்றைய ஓடிபிக்குத் தாத்தா!) பர்மா நீங்கலாக எங்கும் செல்லும் ஐந்து ரூபாய் நோட்டு 1903இல்தான் வந்தது. நூறு ரூபாய்க்கு அந்த யோகம் 1911இல்.

உங்கள் மைத்துனன் சொல்வது அந்தப் பழைய நோட்டின் பேரன். ஒரு தனியார் கம்பெனி டாலரை வாங்கி வைத்துக்கொண்டு, அதற்கு ஈடாக கிரிப்டோ டோக்கன் தருகிறது. கேட்டால் திருப்பித் தருவோம் என்பது அவர்கள் வாக்கு. 2023 மார்ச்சில் யுஎஸ்டிசி என்ற டோக்கனுக்கு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். அதன் கையிருப்பில் 330 கோடி டாலர் சிலிக்கான் வேலி வங்கி என்ற அமெரிக்க வங்கியில் இருந்தது. வெள்ளிக்கிழமை வங்கியை மூடினார்கள். சனிக்கிழமை டோக்கன் 88 சென்ட்டுக்கும் கீழே போனது. டெபாசிட்தாரர் பணத்துக்கு அமெரிக்க அரசு பொறுப்பேற்ற பிறகுதான் திங்கட்கிழமை பழைய நிலைக்கு வந்தது. வெளியிட்ட கம்பெனியின் பெயர் என்ன தெரியுமா? சர்க்கிள். வட்டம்!

டிஜிட்டல் ரூபாய் வேறு சாதி. 2022 டிசம்பர் 1 முதல் பொதுமக்களிடம் சோதனைக்கு விட்டிருக்கிறார்கள். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் நோட்டைப் போலவே அதுவும் ரிசர்வ் வங்கியே நேரடியாக உங்களுக்குப் பட்டிருக்கும் கடன். கடைக்காரரும் அதற்கான செயலி வைத்திருக்கிறாரா என்பது முதலில் தொல்லையாக இருந்தது; 2023இல் யுபிஐ க்யூஆர் கோடிலேயே கட்ட வழிசெய்துவிட்டார்கள்.

மைத்துனனிடம் சண்டை வேண்டாம். டோக்கனை விற்று லாபம் வந்தால் 30 சதவீத வரி உண்டு என்பதைச் சொல்லுங்கள். அப்புறம், சனிக்கிழமை ராத்திரி ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் உசிலம்பட்டியில் இதை ரூபாயாக மாற்றித் தருவது யார், அவர் எவ்வளவு வட்டம் பிடிப்பார் என்று கேட்டு எனக்கும் ஒரு கார்டு போடுங்கள்.