டோக்கியோவில் அரை நாள்: அம்மாவோடு எந்தத் தோட்டத்துக்குப் போகலாம்?

வாசகி ஒருவரின் கேள்வி: நவம்பர் கடைசி வாரம் அலுவலக வேலையாக டோக்கியோ போகிறேன். அம்மாவையும் கூட்டிப் போகிறேன். அவருக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. ஷின்ஜுகுவில் தங்குகிறோம். வெள்ளிக்கிழமை மதியம் வரை எனக்கு வேலை இல்லை. அமைதியான ஒரு ஜப்பானியத் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. போன தடவை தனியாகப் போனபோது பேர்பெற்ற ஒரு தோட்டத்துக்குப் போனேன். 20 நிமிடத்தில் சுற்றி முடித்துவிட்டேன். படங்கள் நன்றாக வந்தன. ஆனால் எல்லோரும் சொல்லும் அந்த அமைதி எனக்குக் கிடைக்கவே இல்லை. எந்தத் தோட்டத்துக்குப் போகலாம், எத்தனை மணிக்கு, எப்படிப் பார்ப்பது?

பதில்: கியோசுமி தேயெனுக்குப் போங்கள். காலை 10 மணிக்கு உள்ளே நுழையுங்கள், 12 மணி வரை இருங்கள். வேறு எந்தத் தோட்டத்தையும் அன்றைக்குச் சேர்க்க வேண்டாம்.

இதில் இரண்டு மணி நேரம் என்பதுதான் முக்கியம். போன தடவை உங்களுக்கு அமைதி கிடைக்காமல் போனதற்குக் காரணம் அந்த 20 நிமிடம் என்றே நினைக்கிறேன். தோட்டத்தின் மேல் குற்றமில்லை. டோக்கியோவின் பழைய தோட்டங்கள் பெரும்பாலும் குளத்தைச் சுற்றி நடந்து பார்ப்பதற்காகவே அமைக்கப்பட்டவை. ஓர் இடத்தில் நின்றால் முழுத் தோட்டமும் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. பாதை வளையும், ஒரு பைன் கிளை குறுக்கே வரும், பின்னால் இருக்கும் கல்விளக்கு பாதி மறையும். நாலடி வைத்தால் அது முழுசாகத் தெரியும், அதே நேரம் வேறொன்று மறையும். மறைத்துக் காட்டும் இந்த முறைக்கு ஜப்பானியத் தோட்டக்கலையில் மியேககுரே என்று பெயர். வேகமாக நடந்தால் மறைப்பும் தெரியாது, காட்டுவதும் தெரியாது. மரம், தண்ணீர், பாலம் என்று மூன்று படங்கள் எடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவோம்.

காலடியைக் கவனித்தால் இந்த ஏற்பாடு நன்றாகப் புரியும். மிதிகற்கள் ஒரே அளவில் இருக்காது. சிறியது, கோணலானது, கொஞ்சம் தள்ளிப் பதித்தது என்று மாறி மாறி வரும். அதனால் கால் தடுமாறாமல் இருக்கக் குனிந்து பார்த்துத்தான் நடக்க முடியும். அப்படி ஏழெட்டுக் கல் தாண்டியதும் இரண்டு பாதமும் வசதியாக ஊன்றும் அளவுக்கு அகலமான ஒரு கல் வரும். அங்கே நம்மை அறியாமலே நிற்போம், தலை நிமிரும். நிமிர்ந்ததும் எது கண்ணில் பட வேண்டும் என்பதைக் கல்லைப் பதித்தவர் முன்பே தீர்மானித்திருக்கிறார். இந்தத் துறையில் நான் முதலில் கற்றுக்கொண்டது இதைத்தான், இன்றும் என்னை அதிகம் வியக்க வைப்பதும் இதுதான். எங்கே நில், எங்கே பார் என்று ஒரு பலகை கூட இல்லாமல் சொல்லிவிடுகிறார்கள்.

சரி, ஏன் கியோசுமி? முதல் காரணம், நுழைந்ததும் குளம். அந்தக் குளத்தின் ஓரத்தில் பெரிய தட்டைக் கற்களைத் தண்ணீருக்குள்ளேயே வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். இசோவதாரி என்பார்கள், கரையோரமாகத் தண்ணீரின் மேல் நடப்பது. கல்லுக்குக் கல் தாண்டும்போது பாதத்துக்கு ஒரு சாண் கீழே தண்ணீர். நீங்கள் நின்றால் கெண்டை மீன்கள் காலடிக்கே வந்து வாயைத் திறந்து மூடும். பக்கத்துப் பாறையில் ஆமை கழுத்தை நீட்டிக்கொண்டு வெயில் காயும். குளத்தைத் தாண்டிக் கண்ணை ஓட்டினால் மரங்களுக்கு மேல் அடுக்குமாடிக் கட்டடங்கள் தெரியத்தான் செய்யும். ஆனால் கல்லில் நிற்கும்போது கவனம் முழுக்கக் காலடியில் இருப்பதால், கட்டடம் இருப்பதே ரொம்ப நேரம் கழித்துத்தான் உறைக்கும்.

இரண்டாவது காரணம் கற்கள். மிட்சுபிஷி நிறுவனத்தைத் தொடங்கிய இவாசாகி யதாரோ 1878-ல் இந்த நிலத்தை வாங்கினார், 1880-ல் தோட்டம் திறக்கப்பட்டது. நிறுவன ஊழியர்கள் இளைப்பாறவும் விருந்தினரை உபசரிக்கவும் அமைத்த இடம் இது. கப்பல் நிறுவனம் ஆயிற்றே, ஜப்பானின் பல கரைகளிலிருந்தும் பேர்பெற்ற கற்களைத் தங்கள் நீராவிக் கப்பல்களிலேயே ஏற்றிவந்து இங்கே வைத்தார்கள். பச்சையும் நீலமும் கலந்த இயோ கல், சிவப்புச் சாயல் கொண்ட சாடோ கல் என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஊர்ப்பெயர் எழுதிய சிறு பலகை இருக்கும். ஜப்பானிய எழுத்து படிக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை. உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஒன்று வழவழப்பாக இருக்கும், இன்னொன்று மடிப்பு மடிப்பாக இருக்கும்.

1923 செப்டம்பர் 1 அன்று வந்த பெரும் நிலநடுக்கத்தில் இந்தத் தோட்டம் பலமாகச் சேதமடைந்தது. ஆனால் ஊரே தீப்பிடித்து எரிந்தபோது இதற்குள் ஓடிவந்த ஏராளமானோர் உயிர் பிழைத்தார்கள். அதற்கு அடுத்த வருடம், சேதம் குறைவாக இருந்த பாதியை இவாசாகி குடும்பம் டோக்கியோ நகரத்துக்குக் கொடுத்துவிட்டது. சீரமைத்து 1932-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். நெருக்கடியான நகரத்துக்கு நடுவே இவ்வளவு வெற்றிடம் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். குளத்தின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மரவீடு 1909-ல் பிரிட்டிஷ் தளபதி கிச்சனரை உபசரிக்கக் கட்டியது. நிலநடுக்கத்துக்கும் போருக்கும் தப்பியது, 1985-ல் முழுசாகப் புதுப்பித்தார்கள். முன்பதிவு செய்த குழுக்களுக்குத்தான் உள்ளே அனுமதி. எதிர்க்கரையிலிருந்து பார்ப்பதே அழகு.

இப்போது அம்மாவின் முழங்கால். கியோசுமியைத் தேர்ந்தெடுத்ததற்கு மூன்றாவது காரணம் அதுதான். தோட்டம் சிறியது, பெரும்பாலும் சமதளம். ஆனால் பாதையில் சரளைக்கல் உண்டு, அதனால் தேய்ந்த செருப்பு வேண்டாம், நல்ல பிடிமானமுள்ள காலணி போடச் சொல்லுங்கள். தண்ணீருக்குள் இருக்கும் கற்களில் அவர் இறங்கவே வேண்டாம். இறங்காமல் சுற்றிவரப் பாதை இருக்கிறது. நீங்கள் கற்களில் நடந்து வரும்வரை அவர் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கட்டும். அம்மா அன்றைக்கு உங்களைவிட அதிகமாகவே தோட்டத்தைப் பார்த்திருப்பார் என்று பந்தயம் கட்டுவேன்.

தோட்டம் காலை 9 மணிக்குத் திறக்கும். பொதுவாக யார் கேட்டாலும் திறக்கும்போதே போய் நில்லுங்கள் என்றுதான் சொல்வேன். உங்களுக்கு அப்படிச் சொல்லவில்லை. வேலைநாளில் 9 மணிக்கு அங்கே இருக்க வேண்டுமென்றால் டோக்கியோவின் காலை நெரிசலில் ரயில் ஏற வேண்டும். 68 வயதுக்காரர் அந்தக் கூட்டத்தில் அரைமணி நேரம் நின்று வந்தால் அப்புறம் எந்தத் தோட்டமும் அவரைத் தேற்றாது. ஒன்பதேகால் வாக்கில் கிளம்புங்கள். ஷின்ஜுகுவிலிருந்து ஓஎதோ பாதையில் ஏறினால் வண்டி மாறாமல் கியோசுமி-ஷிராகாவா நிலையத்தில் இறங்கலாம், ஏறக்குறைய அரைமணி நேரம். நிலையத்திலிருந்து மூன்று நிமிட நடை. ஓஎதோ பாதை பூமிக்கு அடியில் ரொம்ப ஆழத்தில் ஓடுகிறது, ஆகவே இரண்டு நிலையங்களிலும் லிஃப்ட் எங்கே என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணம் 150 யென், 65 வயது நிரம்பியவர்களுக்கு 70 யென். அம்மாவின் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். மாலை 5 மணிக்கு மூடுவார்கள், கடைசி நுழைவு நாலரை.

உள்ளே போனதும் ஒரு சுற்று போனை வெளியே எடுக்காமல் நடங்கள். அடுத்து எங்கேயாவது உட்காருங்கள், குறைந்தது 20 நிமிடம். முதல் ஐந்து நிமிடம் சும்மா இருப்பது போலவே இருக்காது, அடுத்து என்ன என்று மனசு பரபரக்கும். அது தணியும் வரை எழுந்திருக்காதீர்கள். அப்புறம் இரண்டாவது சுற்றை எதிர்த்திசையில் போங்கள், கேமராவை அப்போது எடுக்கலாம். ஒரு பக்கமிருந்து வருகிறவருக்காக மறைத்து வைத்தது, எதிர்ப்பக்கமிருந்து வரும்போது வேறு விதமாகத் திறக்கும். அதே கல், அதே மரம், ஆனால் காட்சி வேறு.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகரத்துக்குள் இருக்கும் எந்தத் தோட்டத்திலும் நிசப்தம் கிடைக்காது, அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆம்புலன்ஸ் கேட்கும், ஹெலிகாப்டர் போகும். கொய்ஷிகாவா கொராகுயென் 1629-ல் தொடங்கிய அருமையான தோட்டம், ஆனால் டோக்கியோ டோம் அரங்கத்துக்கு ஒட்டினாற்போல் இருப்பதால் பக்கத்து ரோலர் கோஸ்டரில் கத்துகிறவர்களின் குரல் குளக்கரை வரை வரும். இதற்கெல்லாம் தோட்டக்காரர்களிடம் இருக்கும் மருந்து தண்ணீர்தான். சிற்றருவியின் அடியில் ஒரு கல்லைத் தண்ணீர் விழும் இடம் பார்த்துத் திருப்பி வைத்தால் சத்தம் மாறும். தெருவின் இரைச்சல் அதனால் குறைந்துவிடாது. காதுக்குப் பக்கத்தில் விழும் தண்ணீரின் ஒலி, தூரத்து இரைச்சலை மூடிவிடும், அவ்வளவுதான். ஆகவே உட்காரும் இடத்தைக் கண்ணால் மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள், கொஞ்சம் காதாலும் தேடுங்கள்.

நவம்பர் கடைசியில் போகிறவர்களுக்கு ஒரு பெரும் பேறு உண்டு. அது பைன் மரங்களைச் சீர்செய்யும் காலம். மூன்று கால்கள் மட்டுமே உள்ள ஏணியைக் கிளைகளுக்கு நடுவே நிறுத்தி, தோட்டக்காரர் மேலே ஏறிப் பழைய ஊசியிலைகளைக் கையாலேயே உருவி எடுப்பார். கத்தரி போடமாட்டார். இரண்டு விரலால் பிடித்து, பின்பக்கமாக ஓர் இழுப்பு; பழுப்பேறிய இலைகள் உதிர்ந்து கீழே விரித்த துணியில் விழும், நுனியில் இந்த வருடத்து இலைகள் மட்டும் விசிறி போல நிற்கும். பெரிய மரமென்றால் நாள் முழுக்க அதிலேயே போய்விடும். உட்கிளைகளுக்கு வெளிச்சம் போக வேண்டும், கிளைகளின் இடுக்கில் வானம் தெரிய வேண்டும் என்பதற்காக இவ்வளவு பாடு. அப்படி யாராவது வேலை செய்வதைப் பார்த்தால் தோட்டத்தின் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அங்கேயே நில்லுங்கள் என்பேன்.

சில மரங்களின் உச்சியிலிருந்து கூடாரம் போலக் கயிறுகள் இறங்குவதையும் பார்க்கலாம். பனியின் பாரத்தில் கிளை ஒடியாமல் தாங்குவதற்கான கட்டு அது. டோக்கியோவில் அவ்வளவு பனி அரிதாகத்தான் பெய்யும், இங்கே அது பெரும்பாலும் குளிர்காலம் வந்ததற்கான அடையாளம்.

சிவந்த மேப்பிள் இலைகள்தான் அம்மாவுக்கு முக்கியம் என்றால் மட்டும் என் பதில் மாறும். கியோசுமியில் பைன்தான் ஆட்சி. அப்படியானால் ரிக்குகியென் போங்கள்: ஷின்ஜுகுவிலிருந்து யமனோதே வண்டியில் நேராகக் கொமகோமே, அங்கிருந்து ஏழு நிமிட நடை, கட்டணம் 300 யென். அன்றைய ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவரான ஐந்தாவது தொகுகாவா ஷோகுனின் நம்பிக்கைக்குரிய யானகிசாவா யோஷியாசு ஏழு வருடம் செலவழித்து 1702-ல் முடித்த தோட்டம் அது. ஜப்பானியக் கவிதைகளில் வரும் 88 காட்சிகளைக் குளமும் குன்றுமாக உருவாக்கியிருக்கிறார். தேநீர்க் கடையில் குளத்தைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்து மாட்சா என்ற பச்சைத் தேயிலைப் பொடித் தேநீர் குடிக்கலாம், கூட வரும் இனிப்பை முதலில் சாப்பிட்டுவிட வேண்டும், அப்போதுதான் அந்தக் கசப்பு சுவைக்கும். ஆனால் இலை சிவக்கும் வாரங்களில் அங்கே கூட்டம் அலைமோதும், நீங்கள் கேட்ட அமைதி கிடைப்பது கஷ்டம். தரையில் உட்கார்வது அம்மாவுக்குச் சிரமம் என்பதால் ஹமரிக்யூ தோட்டத்தின் தேநீர் வீட்டை நான் சொல்லவில்லை; மற்றபடி கடலின் ஏற்றவற்றத்தோடு நீர்மட்டம் ஏறி இறங்கும் அதன் குளம் இன்னொரு பயணத்துக்குக் காத்திருக்கத் தகுந்தது.

மரியாதைகள் அதிகமில்லை. பாசி மேல் கால் வைக்காதீர்கள், ஒரு காலடி பட்ட தழும்பு மாறவே நாளாகும். கேமரா வைக்கும் முக்காலிக்கு அனுமதி இல்லை. பாதை நடுவே கைப்பிடி அளவு உருண்டைக் கல் ஒன்றைக் கறுப்புக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி வைத்திருந்தால், அந்த வழி இன்று மூடியிருக்கிறது என்று பொருள். தாண்டிப் போவது சுலபம்தான், ஆனால் யாரும் தாண்டுவதில்லை.

அன்றைக்கு மழை தூறினால் திட்டத்தைக் கைவிடாதீர்கள். நீங்கள் மட்டும் குளத்துக்குள் இருக்கும் கற்களில் இறங்குவதைத் தவிர்த்துவிடுங்கள், வழுக்கும். வெயிலில் வெறும் சாம்பல் நிறமாகத் தெரியும் இயோ கல், நனைந்ததும் ஆழ்ந்த பச்சைக்கு மாறும், உள்ளே ஓடும் வெள்ளை வரிகள்கூடத் தெரிய ஆரம்பிக்கும். அம்மாவுக்கு ஒரு பெரிய குடை எடுத்துக்கொள்ளுங்கள்.