சத்தமாகப் பேசிய அப்பா

வணக்கம் ஐயா,

போன வைகாசியில் அப்பா தவறிவிட்டார். வயது 81. பொன்மலை ரயில்வே பணிமனையில் பாய்லர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வருஷத் திதிக்கு ஒரு நினைவு மலர் போட நினைக்கிறோம். எழுத உட்கார்ந்தால் ‘பாசமிகு கணவர், அன்புத் தந்தை, செல்லத் தாத்தா’ என்பதைத் தாண்டிப் பேனா நகரமாட்டேன் என்கிறது. அப்பா அதிகம் பேசமாட்டார். பேசினால் தெருவுக்கே கேட்கும். சின்ன வயதில் எங்களுக்கு அவரிடம் பயம்தான். என் மகன், “தாத்தா எந்தப் பாத்திரத்தைப் பார்த்தாலும் தட்டிப் பார்ப்பாரே, அதை எழுதும்மா” என்கிறான். 74 ரயில்வே வேலைநிறுத்தத்தில் அப்பா ஜெயிலுக்குப் போனார், வேலையும் போனது. சம்பந்தி வீட்டார் படிப்பார்கள், அது வேண்டாம் என்கிறார் அண்ணன். என்ன செய்யட்டும்?

(பெயர் வேண்டாம்), திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் சொன்னதிலிருந்தே தொடங்குங்கள். நீராவி எஞ்சினில் நெருப்பு எரியும் பெட்டியையும் அதைச் சுற்றியுள்ள பாய்லர் தகட்டையும் இழுத்துப் பிடித்து நிற்பவை நூற்றுக்கணக்கான சிறு தண்டுகள். பரிசோதனையின்போது அவற்றைச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்பார்கள். நல்ல தண்டு கணீரென்னும். ஒடிந்தது மொத்தென்று ஒலிக்கும். ஒடிந்ததைக் கவனிக்காமல் விட்டால் அதன் பாரம் பக்கத்துத் தண்டுகள்மேல் ஏறும், அவையும் ஒடியும். ஓட்டுநரின் உயிரும் நெருப்புக்காரரின் உயிரும் தட்டுகிறவரின் காதில் இருந்தன. உங்கள் அப்பா குடத்தையும் அண்டாவையும் தட்டிப் பார்த்தது அந்தக் காதால்தான்.

அந்தக் காதையே அந்த வேலை வாங்கிக்கொள்ளும் என்பதையும் எழுத வேண்டும். தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியைப் பாய்லருக்குள் ஒருவர் உட்கார்ந்து தாங்கிப் பிடிக்க, வெளியிலிருந்து அதை அடிப்பார்கள்; அந்தச் சத்தமெல்லாம் காதில்தான் இறங்கும். 1886-இல் கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்ற காது மருத்துவர் 100 பாய்லர் தொழிலாளர்களைச் சோதித்தார். ஒருவருக்குக்கூடக் காது இயல்பாகக் கேட்கவில்லை. நீங்கள் கோபம் என்று நினைத்துப் பயந்த அந்தக் குரல், தன் பேச்சே தனக்குச் சரியாகக் கேட்காத ஒரு மனிதரின் குரலாக இருந்திருக்கலாம். அம்மாவிடம் கேளுங்கள். எந்தக் காது மந்தம், எந்தப் பக்கம் நின்று பேசினால் அவர் திரும்பிப் பார்ப்பார் என்பதெல்லாம் அம்மாவுக்குத் தெரியாமல் இருக்காது.

வேலைநிறுத்தத்தை விடவே விடாதீர்கள். 1974 மே 8 முதல் 27 வரை நடந்தது அது. சுமார் 17 லட்சம் பேர் இறங்கினார்கள். போனஸ் கேட்டார்கள், எட்டு மணி நேர வேலை கேட்டார்கள். ஆயிரக்கணக்கில் பிடித்து உள்ளே போட்டார்கள்; குடியிருந்த ரயில்வே வீடுகளிலிருந்து பெண்டு பிள்ளைகளை வெளியேற்றினார்கள். வேலை போனவர்களை 1977-இல் வந்த ஜனதா அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. உங்கள் அப்பா திருடிவிட்டு ஜெயிலுக்குப் போகவில்லை. இதைச் சம்பந்தி வீட்டார் தாராளமாகப் படிக்கட்டும். இன்று வேலைக்குப் போகும் பேரப்பிள்ளைகள் அவசியம் படிக்கட்டும்.

ஆனால் அந்த மாதங்களின் கதை பாதி அம்மாவுடையது. அடுப்பு எப்படி எரிந்தது, எந்த நகை அடகுக்குப் போனது, மீட்டார்களா, எந்தக் கடைக்காரர் கடன் கொடுத்தார், எந்தச் சொந்தக்காரர் வாசலோடு திருப்பி அனுப்பினார்? பிள்ளைகளுக்கு அப்பாவைத் தெரியும், பேரன்களுக்குத் தாத்தாவைத் தெரியும். ‘பாசமிகு கணவர்’ என்று அச்சடிக்கப் போகிறீர்களே, அந்தக் கணவரைப் பற்றிச் சொல்ல ஒரே ஒருவர்தான் இருக்கிறார். நேராகக் கேட்டால் “என்னத்தைச் சொல்ல” என்று நகர்ந்துவிடுவார். அரிசி புடைக்கும்போதோ, கீரை ஆயும்போதோ பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவர் சொல்கிற சொல்லிலேயே எழுதுங்கள், நடையைத் திருத்தாதீர்கள்.

அப்புறம் ஒன்று. ஊட்டி மலை ரயிலின் நீராவி எஞ்சின்கள் பெரிய பராமரிப்புக்குப் பொன்மலைக்குத்தான் வரும். அப்பா அவற்றில் கைவைத்திருக்கிறாரா என்று அவரோடு வேலை பார்த்தவர்களிடம் விசாரியுங்கள். ஆமாம் என்றால், பிள்ளைகளை மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஒரு முறை கூட்டிப்போங்கள்.

அண்ணனையும் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். மலரை அச்சுக்குக் கொடுக்கும் முன் முழுவதையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்று சொல்வதை மட்டும் எடுத்துவிடுங்கள். எழுத்தைப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள், அவரே எடுத்துப் படிக்க வேண்டும்.