மலையாளிகள் உண்மையான பழங்குடியினரா, மலையேறிய வேளாளர்களா?

இதைக் கேட்டவர் சேலம், நாமக்கல் பக்கத்துச் சமவெளிக்காரராக இருக்க வேண்டும். தெரிந்த பையன் ஒருவனுக்குப் பழங்குடியினர் ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கும். "இவர்களும் கவுண்டர் என்றுதான் போட்டுக்கொள்கிறார்கள், தமிழ்தான் பேசுகிறார்கள், இவர்கள் எப்படிப் பழங்குடி?" என்று உங்களுக்கு உறுத்தியிருக்கும். உங்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. இதே கேள்வியை ஒரு மேசைக்கு முன்னால் நின்றபடி என் அப்பா கேட்டுக்கொண்டதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே மலையாளி என்பது கேரளத்துக்காரரைக் குறிக்காது. சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன், சவ்வாது, ஏலகிரி என்று பரந்து கிடக்கும், தமிழ் பேசும் மலைமக்களின் பெயர் அது. தமிழ்நாட்டுப் பட்டியல் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரிய சமூகம் இதுவே. 2011 கணக்கெடுப்பில் மூன்றரை லட்சம் பேருக்கு மேல். அந்த எண்ணிக்கையில் என் அம்மாவின் அண்ணன் குடும்பம் இருக்கிறது. நான் இல்லை.

நான் பிறந்தது பர்கூர் மலை, ஈரோடு மாவட்டம். அம்மா பிறந்தது பாலமலை, சேலம் மாவட்டம். காட்டுவழியாகக் காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் தாய்மாமன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவோம். அங்கேயும் சாமைச் சோறு, இங்கேயும் சாமைச் சோறு. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவு. என் அக்காவை அங்கேதான் கட்டிக்கொடுத்தோம். அவள் பிள்ளைகள் பழங்குடியினர், அவளுடைய தம்பியாகிய நான் பழங்குடி இல்லை. தகப்பன் வழியைத்தான் அலுவலகத்தில் பார்ப்பார்கள் என்பதால் அம்மாவின் ஊரும் எனக்கு உதவவில்லை.

1998இல் பிளஸ் டூ முடித்தேன். மாமன் மகனும் அதே ஆண்டுதான் முடித்தான். அவனுடைய பழங்குடிச் சான்றிதழின் நகலை வாங்கி மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு, எனக்கும் அப்படி ஒன்று கேட்க அப்பா என்னைக் கீழே அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, அது என் அக்கா கல்யாணத்துக்கு எடுத்தது. அலுவலர் நகலை வாங்கிப் பார்த்தார். 'சேலம்' என்ற சொல்லின் மேல் கட்டைவிரலை வைத்தார். பிறகு ஒரு தடித்த புத்தகத்தைத் திருப்பி எங்கள் பக்கம் நகர்த்தினார். பட்டியலில் மலையாளி என்று இருந்தது, பக்கத்தில் அடைப்புக்குறி. அதற்குள்ளே தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்கள். 1979 வரை எங்கள் மலை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. கோயம்புத்தூர் அந்த அடைப்புக்குறிக்குள் இல்லை. சேலத்திலிருந்து நாமக்கல் பிரிந்தபோது அங்கிருந்த மலையாளிகளின் உரிமை கூடவே போனது. கோயம்புத்தூரிலிருந்து ஈரோடு பிரிந்தபோது எங்களோடு வருவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். அப்பா விடவில்லை. "ஐயா, அவர்களும் நாங்களும் ஒரே ஜனம்" என்று சொல்லி, எங்கள் பூர்வீகக் கதையை எடுத்துவிட்டார். காஞ்சிபுரத்திலிருந்து கரிராமன் சாமியோடு வந்தது, பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள் ஆளுக்கொரு மலையாகப் பிரிந்தது, நாங்கள் காஞ்சி வேளாளர் வழி என்பது எல்லாவற்றையும் சொன்னார். அலுவலர் பேனாவை மூடினார். "நீங்களே வேளாளர் என்கிறீர்கள். பிறகு பழங்குடி என்று எப்படிக் கேட்கிறீர்கள்?"

அப்பா வாயடைத்துப்போனதை அன்றுதான் பார்த்தேன். அவர் ஏன் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிப் பழகினார் என்று எனக்குத் தெரியும். சந்தைக்குப் புளியும் கடுக்காயும் கொண்டுபோனால், அவர் வயதில் பாதிகூட இல்லாதவன் "டேய் மலையாளி" என்று கூப்பிடுவான். அதற்கு அவர் வைத்திருந்த பதில் அந்தக் கதை ஒன்றுதான். சந்தையில் அவருடைய மானத்தைக் காத்த கதை, அலுவலகத்தில் அவருக்கு எதிரான வாக்குமூலமாகிவிட்டது. 1909இல், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி நூல் எழுதிய ஆங்கிலேயர் எட்கர் தர்ஸ்டனும் எங்களை அண்மைக் காலத்தில் சமவெளியிலிருந்து மலையேறிய தமிழர்கள் என்று எழுதினார். அவரிடமும் எங்கள் பெரியவர்கள் இந்தக் கதையைத்தானே சொல்லியிருப்பார்கள்?

வேளாளர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். போலிச் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு வக்காலத்து வாங்குவதாகவும் எண்ண வேண்டாம். அப்படி ஏமாற்றியவர்களால்தான் 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சரிபார்ப்புக் குழுக்களை அமைக்கச் சொன்னது, அது தேவைதான். ஆனால் உண்மையான பழங்குடி யார் என்று அளக்க வைத்திருக்கும் கோலைப் பாருங்கள். 1965இல், பட்டியலைத் திருத்துவது பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த லோக்கூர் குழு சொன்ன ஐந்து அடையாளங்கள்: தொன்மைக் கூறுகள், தனிப் பண்பாடு, ஒதுங்கிய இருப்பிடம், வெளியாரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. அப்பா கூச்சமில்லாமல் பேசினார். அது அவருடைய குற்றமா? மகாராஷ்டிரத்து வழக்கு ஒன்றில் 2023இல் உச்ச நீதிமன்றமே, பழக்கவழக்கத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை மட்டும் எல்லா வழக்கையும் முடிவு செய்துவிடாது என்று சொல்லிவிட்டது. பழங்குடி என்றால் இலை தழை கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்ற நினைப்பு இன்னும் பலருக்கு மாறவில்லை.

இந்த நினைப்போடுதான் சனி ஞாயிறுகளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். போன மாதம் என் பெரியம்மா கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு வார்த்தை கேட்காமல் முகத்துக்கு நேரே படம் பிடித்தார்கள். திரும்பிப் போகும்போது ஓடையில் பாட்டில்களை உடைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். மாடு தண்ணீர் குடிக்கும் இடம் அது. கேட்ட கேள்விக்கும் இதற்கும் தொடர்பில்லைதான், ஆனால் வயிறு எரிகிறது.

உங்கள் கேள்விக்கு என் பதில் இது. எந்த நூற்றாண்டில் மலையேறினோம் என்பதை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. பாலமலைக்காரர் பழங்குடி என்றால் பர்கூர் மலையில் இருக்கும் அவருடைய மைத்துனரும் பழங்குடிதான். 1976 திருத்தச் சட்டம் பல சமூகங்களுக்கு இருந்த வட்டார வரம்பை எடுத்துவிட்டது, எங்களுக்கோ அப்படியே விட்டுவைத்தது. எங்கள் பக்கத்து ஊர்ச் சோளகருக்குச் சான்றிதழ் கிடைப்பதிலோ, நரிக்குறவர் மக்கள் 2023இல் பட்டியலுக்குள் வந்ததிலோ எனக்கு மகிழ்ச்சிதான். அவர்களுக்கு முடிந்தது எங்களுக்கும் முடிய வேண்டும் என்கிறேன்.

ஒருவேளை நீங்களே கடம்பூர், பர்கூர் பக்கத்து மலையாளியாக இருந்து, தயங்கி இப்படிச் சுற்றிவளைத்துக் கேட்டிருந்தால் ஒன்று சொல்கிறேன். அரசமைப்பின் 342ஆம் பிரிவின்படி அந்தப் பட்டியலைத் திருத்த நாடாளுமன்றத்தால் மட்டுமே முடியும். நீதிமன்றம்கூட ஒரு சொல்லைச் சேர்க்க முடியாது என்று 2000இல் மிலிந்த் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. ஆகவே, "ஆளைப் பிடித்துச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன்" என்று சொல்லும் எவரிடமும் பணம் கொடுக்காதீர்கள். என் சித்தப்பா இரண்டு எருமைகளை விற்றுக் கொடுத்தார். கொண்டுவந்து கொடுத்த காகிதத்தில் ஊர்ப் பெயர்கூட எங்களுடையது இல்லை.