நாலாவது டிஸ்க் வாங்கறதுக்கு முன்னாடி பவர் சப்ளையைப் பாருங்க

ப்ரோ, நீங்க சொன்ன மாதிரி ஒரே வருஷத்துல மூணு ஹார்டு டிஸ்க், அதுவும் வேற வேற கம்பெனி, எல்லாமே டக் டக்னு சத்தம் போட்டு போச்சுன்னா டிஸ்க் மேல பழி போடறது சரியில்ல, எனக்கு முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டரோட பவர் சப்ளை பாக்ஸ்) மேலதான். மல்டிமீட்டர் இருந்தா எதுலயும் மாட்டாம சும்மா இருக்கற மோலெக்ஸ் கனெக்டர்ல (பவர் சப்ளைல இருந்து வர்ற நாலு பின் கனெக்டர்) மஞ்சள்-கருப்பு, சிவப்பு-கருப்பு வச்சு வோல்டேஜ் பாருங்க, ஆனா சிஸ்டம் சும்மா இருக்கும்போது பாக்காதீங்க, கேம் ஓடும்போதோ பெரிய ஃபைல் காப்பி ஆகும்போதோ பாருங்க. மஞ்சள் (12 வோல்ட் லைன்) 11.4-ல இருந்து 12.6, சிவப்பு (5 வோல்ட் லைன்) 4.75-ல இருந்து 5.25 வோல்ட்டுக்குள்ள நிக்கணும். 12 வோல்ட் இறங்கினா டிஸ்க் மோட்டார் வேகம் விழுந்து ஹெட் (டேட்டா படிக்கற முனை) ஓரமா ஒதுங்கி பார்க் ஆகி திரும்ப கிளம்பும், அந்த சத்தம்கூட இதனால வரலாம். டிஸ்க்குக்கு பவர் குடுக்க மோலெக்ஸ்-சாட்டா கன்வெர்ட்டர் போட்டிருந்தா கழட்டிடுங்க, மலிவானது உருகிக்கூட போகும்.

அப்புறம் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ (டிஸ்க் நிலைமையைக் காட்டற சாஃப்ட்வேர்) போட்டு பாருங்க. அதுல வர்ற லிஸ்ட்ல சி7 (டேட்டா போக்குவரத்துல வர்ற பிழை எண்ணிக்கை) மட்டும் ஏறிக்கிட்டே இருந்தா பெரும்பாலும் டேட்டா கேபிள்தான், மாத்துங்க. 05, சி5 (கெட்டுப்போன, சந்தேகமான செக்டார் எண்ணிக்கை) ஏறினா பெரும்பாலும் டிஸ்க் தட்டுலயே அடி, உடனே பேக்கப் எடுத்துடுங்க. டெம்பரேச்சர் 50 டிகிரி செல்சியஸ் தாண்டுதான்னும் கவனிங்க, முன்னாடி ஃபேன் இல்லாத கேபினெட்னா தாண்டலாம்.

செத்துப்போச்சுன்னு வச்சிருக்கற மூணையும் தூக்கிப் போட்டுடாதீங்க, வேற சிஸ்டத்துல மாட்டிப் பாருங்க, ஒண்ணு ஒழுங்கா ஓடினாலே குத்தவாளி டிஸ்க் இல்ல, உங்க சிஸ்டம் பக்கம்தான்னு பெரும்பாலும் தெரிஞ்சிடும். ரீடிங் எடுத்ததும் இங்கயே போடுங்க, பாத்து சொல்றேன்.